உப்பல் போர்வெல் ஃபோல்டர்

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். மேகம் வந்து நின்று, பெய்யாமலே போய்விட்டது. சர்வர் அறை ஏ.சி. மறுபடி மக்கர். மெக்கானிக் போன வாரம் சொன்னதையே சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். டேபிள் ஃபேனைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் மொத்த ஆராய்ச்சியும் இப்போது ஒரு டேபிள் ஃபேன் காற்றில்.

செய்ய வேண்டியது:
– மிக்ஸி ஜார் பிளேடு
– நிவிக்கு ஸ்கூல் ஷூ (மறுபடி அடுத்த சைஸ்)
– ஆவக்காய்க்கு எண்ணெய். இந்த வருடமும் லேட்
– பழைய ஸ்டோரேஜ் வேலை

கடைசியாக எழுதியதுதான் பெரிய வேலை. பழைய ஸ்டோரேஜை மாத முடிவில் நிறுத்துகிறார்கள். எதைப் புதியதற்கு மாற்ற வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் எனக்கு எழுதித் தர வேண்டும். புதிதாக வந்திருக்கும் பதிவாளர் ஃபோன் செய்து, லைப்ரரியில் டேட்டா செக்‌ஷன் என்று ஒன்று எதற்கு, பேக்கப் எடுப்பதற்கா என்று கேட்டார். இல்லை சார், ஆராய்ச்சி செய்கிறவர்கள் அளந்ததையும் கேட்டதையும் யாரும் மாற்றிவிடாதபடி வைத்திருப்பதற்கு என்றேன். "ஓ, பேக்கப்" என்றார்.

மாலை பேராசிரியர் முரளிதரனிடமிருந்து மெயில். சுற்றுச்சூழல் துறைத் தலைவர். (இனி மு.) ஒரே வரி. உப்பல் போர்வெல் ஃபோல்டரை மாற்ற வேண்டாம், அழித்துவிடவும், இறுதி எண்கள் கட்டுரையிலேயே இருக்கின்றன.

பதில் போட்டேன். களத்தில் எடுத்த மூல எண்களை விதிப்படி இப்போது அழிக்க முடியாது. திருத்தம் இருந்தால் புதிய பதிப்பாகச் சேர்க்கலாம். பழையதும் பக்கத்திலேயே இருக்கும். ஏன் திருத்தம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

நிவி பசி இல்லை என்று சாப்பிடவில்லை. "ஆகலி லேது மம்மி." நான் தமிழில் திட்டினேன். அவள் தெலுங்கில் முனகினாள். அவள் அப்பா சேகர் இரண்டிலும் சேராமல் டி.வி. பார்த்தார்.


ஜூன் 10, செவ்வாய்

மு.விடமிருந்து பதில் இல்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன்.

கோமதி வைத்தது. திருநெல்வேலிப் பெண், மு.விடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். உப்பலுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை ஷெட்டுகளை ஒட்டிய காலனிகளில், வெயிலில் குடையும் பாட்டில்களுமாக வீடு வீடாகப் போய் போர்வெல் தண்ணீர் எடுத்தவள். சனிக்கிழமைதோறும் அந்த வார ஃபைல்களை என்னிடம் கொண்டுவந்து ஏற்றுவாள். நான் தொந்தரவு செய்ததால்தான். முதலில் முகம் சுளித்தாள், பிறகு அவளே முறுக்குப் பொட்டலத்தோடு வர ஆரம்பித்தாள். திடீரென்று நின்றுவிட்டாள். துறையில் கேட்டபோது, "சரியா வேலை செய்யலை, சார் அனுப்பிட்டார்" என்றார்கள்.

மு.வின் கட்டுரையை எடுத்து வைத்துப் பார்த்தேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் இருப்பது இன்னொரு பக்கத்தில் இல்லை என்றால் கண்ணில் படும். சாக்கடைத் தண்ணீர் ஓடும் நாலாவை ஒட்டிய காலனியின் கிணறுகள் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. கோமதியின் ஃபைல்களில் குரோமியம், தண்ணீரில் கலந்தால் விஷம், அதிகமாக இருப்பது அங்கே மட்டும்தான். அடிக்குறிப்பில் ஒரு வரி: கருவிக் கோளாறு காரணமாகச் சில அளவீடுகள் சேர்க்கப்படவில்லை.

ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தது அந்த ஷெட்டுகளின் உரிமையாளர் சங்கம்.




ஜூன் 11, புதன்

மு. நேரிலேயே வந்தார். என் மேஜைக்கு இதுவரை வந்ததில்லை. உட்காரவில்லை.

"நீங்க சிகந்திராபாத் தமிழ்தானேம்மா?"

"ஆமா சார். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேயே வந்துட்டோம்."

"நான் இங்க வந்த புதுசுல தமிழ்ல பேச ஆளே இல்ல. இப்ப நம்ம ஆளுங்க நாலு பேர் இருக்கோம். நம்மளே ஒருத்தருக்கொருத்தர் மெயில்ல விதி எண் போட்டு எழுதினா நல்லாவா இருக்கு?"

"விதி எண் போடலேன்னா நீங்க கேப்பீங்களே சார், எந்த விதின்னு."

சிரித்தார். நல்ல சிரிப்பு, அதைச் சொல்ல வேண்டும். பிறகு குரல் இறங்கியது.

"அந்தப் பொண்ணு மீட்டரைச் சரியா செட் பண்ணலை. தப்பு நம்பர். நாளைக்கு யாராவது எடுத்து பேப்பர்ல போட்டா காலனி முழுக்கப் பயந்துடும். வீட்டு விலை விழும். அத யோசிச்சீங்களா?"

"தப்பு நம்பர்னா தப்புன்னு எழுதி வைங்க சார். பக்கத்துலேயே வைக்கறேன். உங்க பேரோட."

"எழுத மாட்டேன். அழிங்க."

"மாட்டேன் சார்."

மாட்டேன் என்று சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. முடியாது என்று சொல்லியிருந்தால் மழுப்பல். மாட்டேன் சரியான சொல்.

"என் துறையில இருக்கற ஸ்காலர் அத்தனை பேருக்கும் ஃபெலோஷிப் எங்கேர்ந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாது," என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. அந்தச் சங்கம் கையை விரித்தால் பாதிப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனாலும் அது என்னிடம் சொல்ல வேண்டிய காரணம் இல்லை. நிதி தந்தாலும் எண்ணை மாற்ற முடியாது என்று சங்கத்திடம்தான் சொல்ல வேண்டும்.

அவர் போன பிறகு, பேசியதை அப்படியே தேதி போட்டு எழுதி வைத்தேன். கோபம்தான். பயமும் கொஞ்சம்.


ஜூன் 12, வியாழன்

சேகரிடம் எல்லாம் சொன்னேன். ஏ.எஸ்.ராவ் நகர் மார்க்கெட்டில், கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே.

"கைக்கு, எதுக்கு இந்த டென்ஷன்? ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடு. பீரோல வெச்சிடு. அவங்க அழிச்சா அழிச்சுக்கட்டும்."

"நக்கோ, வேண்டாம்."

"ஏன் நக்கோ?"

விளக்கினேன். ஒவ்வொரு ஃபைல் ஏறும்போதும் அதிலிருந்து ஒரு நீள எண்ணைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு வைக்கும். கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கோமதி வைத்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வீட்டுக்கு எடுத்து வந்தால், என் பீரோவில் இருப்பது திருட்டுப் பொருள். நான் மாற்றவில்லை என்று யார் நம்புவார்கள்? மு. அதைத்தான் எதிர்பார்ப்பார்.

"அப்ப என்ன பண்ணப்போறே?"

"எல்லாத்தையும் வெளிச்சத்துல. மெயில் போட்டு, நாலு பேருக்குக் காப்பி வெச்சு."

சேகர் கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு, "வேலை போச்சுன்னா?" என்றார். போகாது, மாற்றுவார்கள் என்றேன். "ஹவ்" என்றார். அவர் ஹவ் என்றால் சரி என்றும் அர்த்தம், உன் தலையெழுத்து என்றும் அர்த்தம்.

எண்ணெய் வாங்கியாகிவிட்டது. மாங்காய் பழுத்துவிட்டது.


ஜூன் 14, சனி

கோமதியைக் கண்டுபிடித்தேன். நம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இத்தனை நாள் தெரியாது. சைனிக்புரியில் ஒரு டியூஷன் சென்டரில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள், அங்கேயே குடியிருக்கிறாள். மாடியில், மொபைல் கடைக்கு மேல். வகுப்பு முடியும்வரை படியில் நின்றேன். இளைத்திருக்கிறாள். முதலில் சிரித்தாள். ஃபோல்டர் என்றதும் சிரிப்பு போய்விட்டது.

"அதை அழிக்கச் சொல்லுதாரா?"

"சொல்றார். நான் மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"மீட்டர் தப்பு, மீட்டர் தப்புன்னே சொன்னாருக்கா. தினம் காலைல லேப்ல செக் பண்ணிட்டுத்தான் வெளிய எடுத்துட்டுப் போவேன். அந்த ஃபைலும் உங்ககிட்டதான இருக்கு. அந்தக் கிணத்தையெல்லாம் எடுத்துட்டு தீசிஸ் எழுதுன்னாரு. முடியாதுன்னேன். கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாரு. எங்கப்பாகிட்ட என்னத்தச் சொல்ல? மக படிப்பு முடிச்சிட்டான்னு ஊர்ல எல்லாவனும் நெனச்சுட்டு இருக்கான்."

அந்தக் காலனிக்காரர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனா? வாயால சொன்னேன். ரிப்போர்ட் எங்கன்னு கேட்டாவ. என்கிட்ட ஏது ரிப்போர்ட்? கேன் தண்ணி விக்க வந்தவன்னு நெனச்சாவளோ என்னமோ."

பிறகு அவள் கேட்டது: "ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தாங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

தர மாட்டேன் என்றேன். சேகரிடம் சொன்ன அதே காரணம். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நீங்களும் ரூல்ஸ்தான் பேசுதீங்க. அவரும் ரூல்ஸ்தான் பேசுனாரு."

"அவர் ரூல்ஸ வெச்சு மூடறார். நான் அதையே வெச்சுத் திறக்கறேன். நீ எடுத்த டேட்டா. உன் பேர் முதல்ல இருக்கு. எனக்கு ஒரு மெயில் போடு, இதைப் பொதுவில் திறங்கன்னு. இந்த ஆராய்ச்சி ஆரம்பிக்கறப்ப அவரே கையெழுத்துப் போட்ட திட்டத்துல இருக்கு, வேலை முடிஞ்சு ரெண்டு வருஷத்துல எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கணும்னு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"மெயில் போட்டா என் தீசிஸ் அவ்வளவுதான்."

"இப்ப மட்டும் எங்க இருக்கு?"

கடுமையாகச் சொல்லிவிட்டேன். அடுத்த பேட்ச் பிள்ளைகள் படியேறி வந்துவிட்டார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். நானும் இறங்கி வந்துவிட்டேன்.


ஜூன் 16, திங்கள்

பதிவாளர் கூப்பிட்டார். மு. உட்கார்ந்திருந்தார். எங்கள் லைப்ரரியன் சாரும். லைப்ரரியன் சார் என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.

பதிவாளர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். ஒரு நூலக ஊழியர் ஒரு மூத்த பேராசிரியரின் ஆராய்ச்சியைச் சந்தேகிப்பது சரியா?

நான் யாரையும் சந்தேகிக்கவில்லை என்றேன். எண் சரியா தப்பா என்று சொல்லும் வேலை எனக்கு இல்லை. நாளை அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு எண் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அழிக்கச் சொன்னால் அழிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். காரணத்தோடு. உங்கள் கையெழுத்தோடு. அதையும் பத்திரமாக வைப்பேன்.

 ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவாளர் எழுதித் தரவில்லை. ஒரு குழு போட்டுப் பார்க்கலாம் என்றார். மு. எழுந்து போனார். லைப்ரரியன் சார் வராந்தாவில் பின்னாலேயே வந்தார். தெலுங்கில், ரொம்ப மெதுவாக, "எனக்கு ரிடையர்மென்ட் பக்கத்துல வந்தாச்சும்மா" என்றார். உங்களை எதுவும் கேட்கவில்லை சார் என்றேன். பாவம், உண்மையாகவே நிம்மதி அடைந்தார்.

மழை வரும் போலிருந்தது. வரவில்லை.


ஜூன் 17, செவ்வாய்

கோமதியின் மெயில். காலை வந்ததும் முதல் மெயில் அதுதான். பதிவாளர், துணைவேந்தர் அலுவலகம், மு., லைப்ரரியன் எல்லோருக்கும் காப்பி போட்டிருக்கிறாள். நான் எனக்கு மட்டும்தான் போடச் சொன்னேன். "நான் எடுத்த அளவீடுகள். நான் பொறுப்பு. திறந்து வைக்கவும்."

எனக்குத் தனியாக வாட்ஸ்ஆப்பில்: அக்கா, நாளைக்கு லீவு போட்டுட்டு வாறேன்.


ஜூன் 18, புதன்

மழை. கடைசியில். ஈ.சி.ஐ.எல். கிராஸ்ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ வரமாட்டேன் என்றது. நடந்து, பஸ் ஏறி, நனைந்துபோய்ச் சேர்ந்தால் கோமதி எனக்கு முன்னால் வந்து என் நாற்காலியில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.

பெரிய சிக்கல் ஒன்று. ஃபைல்கள் பத்திரம், ஆனால் படித்தால் புரியாது. கிணறுகளுக்கு அவள் வைத்த பெயர்கள்: KK2, NK, MV, PP. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்படியே திறந்து வைத்தால் வெறும் எழுத்தும் எண்ணும். வைத்திருந்தும் பிரயோசனம் இல்லை. மு.வும், பாருங்கள், குப்பை என்பார். ஆகவே ஒவ்வொன்றும் என்ன என்று விளக்கம் எழுத உட்கார்ந்தோம்.

"KK2?"

"கோழிக்கடை ரெண்டு. கோழிக்கடைக்குப் பின்னால ரெண்டாவது வீடு."

"NK?"

"நாய் கடிச்சது." கணுக்காலைக் காட்டினாள். தழும்பு.

"MV?"

"மசூதி வாசல். PP பால் பூத். அந்தம்மா தினமும் எனக்கு மோர் குடுப்பாவ. அந்தத் தண்ணிலதான் கலந்துருப்பாவ, நானும் குடிச்சிருக்கேன்."

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

யாரும் பார்க்கும்படி வைப்பதில் வீட்டுக்காரர் பெயர், கதவு எண் இருக்கக் கூடாது. அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், பெயரை ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. அதனால் தெரு மட்டும். பெயர்கள் உள்ள பதிப்பு பூட்டில். NKயை மட்டும் எப்படி எழுதுவது என்று யோசித்து, கடைசியில் "இரும்புக் கேட் தெரு, கடைசிக் கிணறு" என்று போட்டோம். கோமதிக்கு ஏமாற்றம்.

மதியம் காண்டீனில் எலுமிச்சை சாதம். மு.வின் இப்போதைய மாணவர்கள் ஒரு மேஜை தள்ளி. ஒருவன் மட்டும் தலையசைத்தான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை.


ஜூன் 19, வியாழன்

முடித்தோம். தண்ணீர் எடுத்த முறை, மீட்டர் விவரம், காலை நேரச் சோதனை ஃபைல்கள், எந்தப் பெயர் எந்தத் தெரு, எல்லாம். மீட்டர் கம்பெனியின் சாஃப்ட்வேர் இருந்தால்தான் திறக்கும் ஃபைல்களைச் சாதாரண அட்டவணையாகவும் மாற்றி, மூலத்தையும் விடாமல் பக்கத்தில் வைத்தேன். அந்தச் சாஃப்ட்வேர் இன்னும் கொஞ்ச நாளில் எங்கும் கிடைக்காது.

ஒரு பிரதி புதிய ஸ்டோரேஜில். ஒரு பிரதி வேறொரு கட்டடத்து டேப்பில். ஒரு பிரதி நாங்கள் ஒப்பந்தம் போட்ட வெளியூர் காப்பகத்தில். எல்லாம் எப்போதும் செய்கிற வேலைதான், எதிலும் குறுக்கு வழி இல்லை. நிரந்தர எண்ணும் வாங்கியாகிவிட்டது. இனி இந்தப் பல்கலைக்கழகம் வெப்சைட்டை மாற்றினாலும் அந்த எண்ணைப் போட்டால் இது வரும்.

திறக்கும் பட்டனை கோமதியே அழுத்தட்டும் என்றேன். "நீங்க அமுக்குங்கக்கா, எனக்குக் கை வேர்க்குது." நான் அழுத்தினேன். எல்லோருக்கும் மெயில், இன்ன விதிப்படி இன்ன கோரிக்கையின் பேரில் திறக்கப்பட்டது.

எதுவும் நடக்கவில்லை. வெளியே மழை, உள்ளே ஏ.சி. வேலை செய்கிறது.

நிவி ஷூ இன்னும் வாங்கவில்லை.


ஜூன் 20, வெள்ளி

பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ஐ.டி. பிரிவில் கேட்டால், "மேலேர்ந்து சொன்னாங்க மேடம்." யார் மேலே? "மேலே."

சரி. கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்தேன். ஜன்னலைத் திறந்து விட்டேன். நாள் முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. வருகிற மாணவர்களிடம் வாயால் பதில் சொன்னேன். ஒரு வரலாற்று மாணவி பழைய ஒலிப்பதிவுகளை எந்த வடிவில் வைப்பது என்று கேட்டு வந்தாள். தாளில் வரைந்து விளக்கினேன். பாஸ்வேர்டை எடுக்கலாம், தெரிந்ததை எப்படி எடுப்பார்கள்.

சேகர் சாயந்திரம் பைக்கில் வந்து கேட்டில் நின்றார். சொல்லாமல் வந்தார். வழியில் மிர்ச்சி பஜ்ஜி.


ஜூன் 24, செவ்வாய்

குழு கூடியது. மூன்று பேராசிரியர்கள், கூடவே பதிவாளர். என்னையும் கோமதியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் இஸ்திரி போட்ட பருத்திப் புடவை. "எங்க அம்மை சேலை" என்றாள்.

மு. நன்றாகப் பேசினார். அனுபவம் இல்லாத மாணவி, சரியாகச் சீர் செய்யாத கருவி, பொறுப்பான ஆராய்ச்சியாளர் சந்தேகமான எண்களை விலக்குவது வழக்கம். கேட்டால் எனக்கே நம்பலாம் போலிருந்தது.

இயற்பியல் துறைப் பெண் பேராசிரியர் ஒருவர் கேட்டார், கோளாறு அந்தக் காலனியில் மட்டும் எப்படி? அதே மீட்டர், அதே நாள், காலையில் வேறு தெருவில் சரியாக அளந்திருக்கிறதே?

மு. வெப்பம் என்றார். மதிய வெயில்.

கோமதி எழுந்தாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தடுமாறி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தாள். மாலை திரும்பி வந்ததும் மறுபடி சோதித்திருக்கிறாள். அந்த ஃபைலும் இருக்கிறது. மீட்டர் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி.

திறந்து காட்டச் சொன்னார்கள். எனக்குத்தான் பாஸ்வேர்டு இல்லையே என்றேன். பதிவாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பாஸ்வேர்டு தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நிரந்தர எண்ணைச் சொன்னேன். இயற்பியல் மேடம் தன் ஃபோனிலேயே திறந்தார். பிறகு ஏற்றிய அன்று பதிவான நீள எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றே.

மு. கடைசியில் தமிழில், என்னைப் பார்த்து, மெதுவாக: "உங்களுக்கு என்ன கிடைச்சுதும்மா இதுல?"

 பதிலை இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் கிடைக்க வேண்டாம். அது அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சார்.


ஜூன் 27, வெள்ளி

இரண்டு உத்தரவுகள், ஒரே தபாலில்.

முதலாவது. போர்வெல் டேட்டா அப்படியே இருக்கும். பேராசிரியரின் ஆட்சேபம் அருகில் சேர்க்கப்படும். (நான் முதல் நாளே கேட்டது இதைத்தானே.) கட்டுரை பற்றி வேறொரு குழு ஆராயும். கோமதி விரும்பினால் வேறு வழிகாட்டியிடம் ஆய்வேட்டைத் தொடரலாம்.

இரண்டாவது. நிர்வாகக் காரணங்களுக்காக நான் பழைய பத்திரிகைப் பிரிவுக்கு மாற்றம். அடித்தளம். ஆராய்ச்சி டேட்டா குறித்து வெளியாரிடம் எதுவும் பேசக் கூடாது.

கோமதிக்கு ஃபோன். முதலில் அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள்.

"உங்கள ஏன்க்கா தூக்கி அடிக்காவ? நான்தான மெயில் போட்டேன்?"

"பட்டன் அமுக்கினது நானில்ல?"

இயற்பியல் மேடமிடம் பேசியிருக்கிறாளாம். இன்னொரு துறையோடு சேர்ந்து வழிகாட்டச் சம்மதம் என்றாராம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "கையெழுத்தானதும் சொல்லுதேன்."

சேகர் என்னிடம் இரண்டே சொல். "பேஸ்மென்ட்டா? நல்லது." ஏன் என்றேன். "ஏ.சி. வேண்டாம்."


ஜூன் 30, திங்கள்

பழைய ஸ்டோரேஜை இன்று நிறுத்தினார்கள். பார்க்க விடவில்லை. அடித்தளத்தில் புழுதி. தும்மல். ஜன்னல் தரைமட்டத்தில், போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். உருது, தெலுங்கு, தமிழ், மராத்தி, எல்லாம் கலந்து, பைண்டு செய்யாமல் கிடக்கிற பத்திரிகைகள். யாரும் இங்கே வருவதில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். முதல் நாளே எட்டிப் பார்த்தவர்கள்: அந்த வரலாற்று மாணவி, ஐ.டி. பையன் (மன்னிப்புக் கேட்க), மு.வின் மாணவர்களில் அன்று தலையசைத்தவன். அவனுக்கு ஒரு சந்தேகம். தன்னுடைய எண்களை சாரிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே காப்பகத்தில் ஏற்றிவிடலாமா?

தாராளமாக என்றேன். எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். பெயர் கேட்கவில்லை.

ஆவக்காய் இந்த வருடம் கடையில்தான். ஒப்புக்கொண்டாகிவிட்டது.


ஜூலை 5, சனி

அரை நாள். தூறல். கிளம்பும் நேரத்தில் மூன்று பெண்கள் மாடிப்படி இறங்கி வந்தார்கள். உப்பல் பக்கத்துக் காலனி. ஒருத்தி கையில் பிரின்ட்அவுட், மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருக்கிறது. அவள் மகன் ஃபோனில் பார்த்து நெட் சென்டரில் எடுத்துக் கொடுத்தானாம். மேலே டேட்டா பிரிவில் யாரும் இல்லை. சுற்றுச்சூழல் துறையில் சார் மீட்டிங்கில். யாரோ கீழே அனுப்பியிருக்கிறார்கள்.

பக்கத்து மேஜைக்காரர் என் காதருகே, "மேடம், பேசக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு, மறந்துடாதீங்க."

மறக்கவில்லை.

தெலுங்கில்தான் பேச்சு. பிரின்ட்அவுட் வைத்திருந்தவள் எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது எங்க தெரு. எங்க போர். இங்கிலீஷ்ல என்னவோ போட்டிருக்கு. குழாய்த் தண்ணி வராத நாள் எல்லாம் இதுலதான் சமைக்கிறோம். என் மருமக மாசமா இருக்கா."

என் ஃபோனை எடுத்து, நாட்டின் குடிநீர் அளவு எது என்று அரசுப் பக்கத்தில் காட்டினேன். அவள் எண்ணைப் பக்கத்தில் வைத்தேன், அளவைத் தாண்டியிருந்தது. நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானி இல்லை, இது சில வருடம் முன்னால் எடுத்தது, மறுபடி சோதிக்க வேண்டும், அளந்த பெண் சைனிக்புரியிலேயே குடியிருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள் என்றேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிம்மா. குடிக்கலாமா, கூடாதா? அத மட்டும் செப்பண்டி, சொல்லுங்க."

"கூடாது," என்றேன். "சமைக்கவும் கூடாது." பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போனார். மற்ற இரண்டு பேருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டேன்.

"உங்களுக்கு எந்தத் தெரு?"